கூரைமேல் விழும் செல்வம்

சிலப்பதிகாரம் செய்த இளங்கோவடிகள் திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் போற்றித் தம் காப்பியத்தைத் தொடங்கினார். முரசுமோட்டைக் கமக்காரர் பலர் அக்காப்பியத்தைக் கையால் தொட்டதில்லை. ஆயினும் ஞாயிற்றையும் மழையையும் எண்ணிப் பாராமல் அவர்களுக்கு ஒரு நாளும் கழிவதில்லை. மோட்டை என்பது வன்னி வழக்கில் சிறு நீர்நிலையைக் குறிக்கும். நீரின் பெயரைத் தன் பெயரிற் கொண்ட இவ்வூர், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவீதியை ஒட்டி, இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்களினிடையே கிடக்கின்றது. நீருக்கு இங்கே கணக்கு உண்டு. குளத்தில் எத்தனை அடி நிற்கிறது, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்கு நீர் விடலாம், எவருக்கு எவ்வளவு பங்கு என்பவற்றையெல்லாம் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூட்டம் கூடித் தீர்மானிக்கின்றனர். வெயிலுக்கு மாத்திரம் இதுவரை எவரும் கணக்கு வைத்ததில்லை. அது கேட்பாரின்றி விழுந்து கேட்பாரின்றிப் போயிற்று.

அக்கணக்கைப் பார்க்கும்படி என்னைத் தூண்டியவன் என் தமையனாரின் மகன். கனடாவில், ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோப் பகுதியில் வாழ்கிறான். அண்மையில் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்தான். “சித்தப்பா, எங்கட வீட்டுக் கூரையில சோலர் போட்டிருக்கிறன். பனிக்குள்ள கிடக்கிற ஊரிலயே இது சரிவருகுதெண்டால், வருசம் முழுக்க வெயில் எறிக்கிற எங்கட ஊரில ஏன் சரிவராது? காசு நான் அனுப்புறன். அஞ்சு கிலோவாற்று போடுங்கோ” என்றான்.

அவனுடைய அன்பில் எனக்கு ஐயமில்லை. அவனுடைய கேள்வியும் நல்ல கேள்வியே. ஆனால் “ஓம்” என்று உடனே சொல்ல என் நா எழவில்லை. வெயில் மிகுந்த ஊரில் கூரைகள் ஏன் வெறுமையாயிருக்கின்றன, வெயில் குறைந்த ஊரில் ஏன் நிறைந்து வருகின்றன என்பதை ஆராய்ந்த பின்னரே அவனுக்கு விடை சொல்லலாம் என்று எண்ணினேன். அந்த ஆராய்ச்சியின் பயனே இக்கட்டுரை.

பனிநாட்டு வெயில்

சூரிய மின்சாரம் என்றவுடன் நம்மவர் பலர் வெப்பத்தை நினைக்கின்றனர். வெயில் சுட்டால் மின்சாரம் கூடும், குளிர்ந்தால் குறையும் என்பது அவர்கள் எண்ணம். உண்மை அதுவன்று. சூரியத் தகடு ஏற்பது ஒளியை. வெப்பம் அதற்குப் பகை. ஒளி பட்டால் சில பொருள்களில் மின் பிறக்கும் என்பதை 1839ஆம் ஆண்டிலே பிரான்சிய விஞ்ஞானி எட்மொன் பெக்கரல் கண்டார். ஒளியின் ஆற்றல் சிறுசிறு பொதிகளாக வருகின்றது எனக் கொண்டு, ஒளியால் இலத்திரன்கள் பெயரும் விதத்தை 1905இல் ஐன்ஸ்டீன் விளக்கினார். 1921ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டபோது சிறப்பாகக் குறிக்கப்பட்டதும் இந்த விளக்கமே. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் சப்பின், புல்லர், பியர்சன் என்னும் மூவர் சிலிக்கனைக் கொண்டு செய்த கலம், தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்களவை மின்னாக்கிற்று. இன்று கடைகளில் விற்கும் தகடுகள் நூற்றுக்கு இருபதுக்கு மேல் ஆக்குகின்றன.

இத்தகடுகளின் வலிமை இருபத்தைந்து பாகை வெப்பநிலையில் அளந்து குறிக்கப்படுவது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு அரைப் பங்கிற்குச் சற்றுக் குறைவாக அதன் ஆற்றல் தேய்கின்றது. வைகாசி மாத நண்பகலில் எங்கள் ஊர்க் கூரையில் தகடு அறுபது, அறுபத்தைந்து பாகைக்குச் சூடேறும். அப்போது அதன் வலிமையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு வெப்பத்துக்கே பலியாகும். ரொறன்ரோவிலோ, பனி பெய்து ஓய்ந்து வானம் வெளித்த நாளில் ஒளி குறைவாயினும் தகடு குளிர்ந்திருக்கும். தரையிற் கிடக்கும் பனியும் ஒளியைத் தெறிக்கச் செய்யும்.

இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்தால், ஒரு கிலோவாற்றுத் தகடு ரொறன்ரோவில் ஓராண்டில் ஏறக்குறைய 1,150 அலகு மின்சாரம் தரும். அதே தகடு கிளிநொச்சிப் பகுதியில் 1,450 அலகளவு தரும். மும்மடங்கு, நான்மடங்கு என்று கற்பனை செய்திருந்த எனக்கு இது வியப்பாயிற்று. நம் வெயிலின் மேன்மை கால் பங்கு சொச்சந்தான்.

ஆனால் ஆண்டு முழுவதையும் கூட்டிச் சொன்னால் ஓர் உண்மை மறைந்துபோகும். ரொறன்ரோவில் ஆனி மாதப் பகல் பதினைந்தரை மணி நேரம் நீளும்; மார்கழியில் அது ஒன்பது மணி நேரத்துக்குச் சுருங்கும். கோடையில் வரும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்களவே நடுக்குளிரில் வரும். தகட்டின்மேற் பனி படிந்தால் அதுவுமில்லை. வீட்டுக்கு மின்சாரம் மிக வேண்டியிருக்கும் மாதங்களில் கூரை கைவிட்டுவிடுகிறது. அப்படியிருந்தும் அந்நகரத்தார் ஏன் தகடு பொருத்துகின்றனர்?

விடை வானத்தில் இல்லை; சட்டப் புத்தகத்தில் இருக்கின்றது. ஒன்ராறியோ மாகாணம் 2009ஆம் ஆண்டில் பசும் எரிசக்திச் சட்டத்தை இயற்றி, பத்துக் கிலோவாற்றுக்கு மேற்படாத கூரைத் தொகுதிகளிலிருந்து வரும் மின்சாரத்தை அலகொன்றுக்கு எண்பது சதத்துக்கு மேல் கொடுத்து இருபதாண்டுக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. அது வீட்டார் மின்சாரத்துக்குக் கொடுத்த விலையைப் போலப் பலமடங்கு. பிற்காலத்தில் அவ்விலையைப் படிப்படியாகக் குறைத்தனர். புதிய ஒப்பந்தங்கள் 2017உடன் நின்றன. அதன்பின் வருவோருக்கு வேறொரு முறை உண்டு. கோடையில் மிகுதியாகக் கொடுத்த மின்சாரம் வீட்டாரின் கணக்கில் வரவாக எழுதப்படும். பன்னிரண்டு மாதத்துக்குள் அதைக் கழித்துக்கொள்ளலாம். ஆடியில் விழுந்த வெயில் தையில் விளக்கெரிக்கின்றது. அதற்குக் கருவியாயிருப்பது ஓர் ஏடுதான். இதைப்போலவே ஜேர்மனியும் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் இருபதாண்டு விலையுறுதி கொடுத்தது. நம்மினும் குறைந்த வெயிலை உடைய அந்நாட்டில் 2025 தொடக்கத்தில் சூரியத் தகடுகளின் மொத்த வலிமை ஓர் இலட்சம் மெகாவாற்றைத் தாண்டிவிட்டது.

இருண்டிருந்த ஊர்

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கே பகலின் நீளம் மார்கழிக்கும் ஆனிக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரமே வேறுபடும். சூரியன் ஆண்டில் இருமுறை எங்கள் உச்சிக்கு நேரே வருகின்றான்: சித்திரைப் புத்தாண்டையொட்டி ஒருமுறை, ஆவணியில் மறுமுறை. தகட்டைச் சற்றே தெற்கு நோக்கிச் சாய்த்து வைத்தாற் போதும். நமக்கும் ஒரு பனிக்காலம் உண்டு, அது மாரி. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை வானத்தை மூடும்போது வரவு குறையும். ஆயினும் அக்குறை கனடாவின் குறையைப் போன்றதன்று.

இருளைப் பற்றி இவ்வூரார்க்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டின் பின் போர்க்காலம் முழுவதும் நாட்டின் மின்வலை வன்னிக்கு எட்டாதிருந்தது. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் கிடைத்தற்கரியதாயிற்று. மின்கலம் தடுக்கப்பட்ட பொருளாயிற்று. ஜாம் போத்தலில் சிறிது எண்ணெயும் ஒரு திரியும் இட்டு, துளி வெளிச்சத்தில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். அந்நாட்களில் உலக வங்கியின் கடனுதவியோடு 1997 தொடங்கித் தென்னிலங்கைக் கிராமங்களில் சிறு சூரியத் தொகுதிகள் பரவின. பின்னர் 2002 தொடங்கிய அடுத்த திட்டத்தோடு அவை ஓர் இலட்சம் வீடுகளுக்கு மேற் சென்றன. வடபுலமோ போர்க்களமாகக் கிடந்தது. அத்திட்டத்தின் பெரும்பயன் எங்களைத் தீண்டாமலே போயிற்று.

2009இன் தொடக்கத்தில் ஊர் முழுவதும் பெயர்ந்தது. பின்னர் மீண்டவர்கள் சுவரில்லாத வீடுகளையும் கூரையில்லாத சுவர்களையும் கண்டனர். இந்திய அரசாங்கத்தின் ஐம்பதினாயிரம் வீட்டுத் திட்டத்தில், உரியவர் தாமே கட்டும் வீடொன்றுக்கு ஐந்து இலட்சத்து ஐம்பதினாயிரம் ரூபா கொடுக்கப்பட்டது. அத்தொகை காணாமல் நகையை ஈடுவைத்தும் கடன்பட்டும் கூரையேற்றியவர் பலர். வவுனியாவிலிருந்து உயரழுத்த மின்பாதை கிளிநொச்சிக்கு வந்ததும் போர் முடிந்து சில ஆண்டுகள் சென்ற பின்னரே. ஆகவே இவ்வூரில் கூரையும் புதிது, மின்சாரமும் புதிது, கடன் ஒன்றே பழையது. இதை மறந்துவிட்டு வெயிலை மாத்திரம் அளப்பவர் எங்கள் ஊரை அளந்தவராகார்.

விலையும் வட்டியும்

இலங்கை அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. வீட்டுக் கூரையிலிருந்து வரும் மின்சாரத்தை மானியிற் கழித்துக்கொள்ளும் முறை 2010இல் வந்தது. 2016 செப்டெம்பரில் ‘சூரிய பல சங்கிராமய’ என்னும் பெயரால் பெருந்திட்டமொன்று தொடங்கியது. மிகுதி மின்சாரத்தை முதல் ஏழாண்டுக்கு அலகு 22 ரூபாவாகவும் அடுத்த பதின்மூன்றாண்டுக்கு 15 ரூபா 50 சதமாகவும் வாங்க அப்போது உறுதி கூறப்பட்டது. 2022இல் நாடு கடன் தீர்க்க முடியாது நின்றபோது, மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் வெட்டுண்டது. அவ்வாண்டின் ஓகஸ்டில் மின்கட்டணம் நூற்றுக்கு எழுபத்தைந்தும், 2023 பெப்ரவரியில் மேலும் அறுபத்தாறும் ஏறிற்று. கூரை மின்சாரத்தின் விலையையும் 37 ரூபாவாக உயர்த்தினர். வசதி படைத்தோர் விரைந்து தகடு பொருத்தினர். பின்னர் விலை மீண்டும் இறங்கி, 2025இல் ஐந்து கிலோவாற்றுக்கு மேற்படாத புதிய தொகுதிகளுக்கு 20 ரூபா 90 சதமாயிற்று.

இவ்விலையை வைத்து எங்கள் ஊர் வீடொன்றுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து கிலோவாற்றுத் தொகுதி மாதம் ஏறக்குறைய 600 அலகு தரும். 20 ரூபா 90 சதப்படி அதன் பெறுமதி 12,540 ரூபா. தொகுதியின் விலை எட்டு இலட்சம் ரூபா என்றும், அது முழுவதும் கடன் என்றும் வைத்துக்கொள்வோம். நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியில் ஏழாண்டுத் தவணையானால் மாதம் 14,100 ரூபா கட்டவேண்டும். கூரை உழைத்தது போதாமல், கமக்காரன் தன் கையிலிருந்து மாதந்தோறும் 1,500 ரூபா கொடுக்க நேரும். அதே வட்டிக்குப் பத்தாண்டுத் தவணை கிடைத்தால் மாதக் கட்டணம் 11,500 ரூபாவளவு, தப்பிப் பிழைக்கலாம். வட்டி ஆறாகக் குறைந்து தவணையும் பத்தாண்டானால் 8,900 ரூபா. மாதம் 3,600 ரூபா வீட்டில் மிஞ்சும்.

இம்மூன்று கணக்கிலும் வெயில் ஒன்றே. மாறியவை வட்டியும் தவணையும் மாத்திரமே. ஒரு வீட்டை நட்டத்திலிருந்து இலாபத்துக்குக் கொண்டுசெல்ல அவை இரண்டும் போதும் என்பது இதனாற் புலனாகின்றது. விலை 37 ரூபாவாயிருந்த காலத்தில் வங்கி வட்டி நூற்றுக்கு இருபதைத் தாண்டியிருந்ததையும் இங்கே நினைக்க வேண்டும். அந்த நல்ல விலையைக் கடன்பட்டவர் துய்க்கவில்லை. கையிற் பணமிருந்தவரும், வெளிநாட்டில் உறவினர் இருந்தவருமே துய்த்தனர். நுண்கடன்களின் வட்டியிற் சிக்கி வடக்குப் பெண்கள் வீதியில் இறங்கி முறையிட்டதும், 2018இல் அரசாங்கம் அக்கடன்களில் ஒரு பகுதிக்கு நிவாரணம் அறிவித்ததும் நாம் கண்டவை. அத்தகைய கடனில் சூரியத் தகடு வாங்கும்படி எவரும் ஓர் ஏழை வீட்டுக்குப் புத்தி சொல்லலாகாது.

சிறு பாவனையாளர்க்கு வேறொரு தடையும் உண்டு. நம் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. முதற்படியிலுள்ளவர் அலகுக்குக் குறைந்த விலையே கொடுப்பர். இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் உள்ள வீட்டார் தகட்டினால் மிச்சம் பிடிக்கும் தொகை மிகச் சிறிது. குளிரூட்டி பூட்டிய மாளிகையார் மிச்சம் பிடிப்பது மிகப் பெரிது. வெயில் எல்லார் கூரைமேலும் ஒப்பவே விழுகிறது. அதன் பயன் ஒப்ப விழவில்லை.

பாக்கு நீரிணைக்கு அப்பால் இந்தியா 2024 பெப்ரவரியில் வேறொரு வழியை எடுத்தது. ஒரு கோடி வீடுகளை நோக்கமாகக் கொண்ட அத்திட்டத்தில், ஒரு கிலோவாற்றுக்கு 30,000 இந்திய ரூபாவும், இரண்டுக்கு 60,000மும், மூன்றும் அதற்கு மேலும் ஆனால் 78,000மும் மானியமாகக் கொடுக்கப்படும். இருபதாண்டு கழித்து வரப்போகும் விலையைக் காட்டாமல், வாங்கும்போதே சுமையைக் குறைப்பது அதன் நோக்கம். சிறு வீட்டுக்கு உகந்த முறை இதுவே என்பது என் கருத்து.

நண்பகலின் மிகுதி

விலைக்கும் வட்டிக்கும் அப்பால் ஒரு சிக்கல் உண்டு. அது பொழுதைப் பற்றியது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், இலங்கை முழுவதும் மின்சாரமின்றி நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாற் கோளாறு தொடங்கியது என்றார்கள். குரங்கைப் பற்றிய கேலியில் நாடு ஆழ்ந்திருந்தபோது உண்மைக் காரணம் பலர் கண்ணிற் படவில்லை. விடுமுறை நாளாதலால் மின்தேவை குறைவு. வெயில் நாளாதலால் சூரிய மின்சாரம் மிகுதி. சுழலும் பெரும் இயந்திரங்கள் சிலவே அப்போது இயங்கின.

பழைய நெல்லாலைகளைக் கண்டவர்கள் இதை எளிதில் விளங்கிக்கொள்வர். அவற்றின் இயந்திரத்தோடு கனத்த பெருஞ்சில்லு ஒன்று சுழலும். திடீரென நெல் அதிகமாக விழுந்தாலும் அச்சில்லின் வேகம் இயந்திரத்தை நிற்கவிடாது. அனல்மின் நிலையத்திலும் நீர்மின் நிலையத்திலும் சுழலும் உருளைகள் மின்வலைக்குப் பெருஞ்சில்லாக உதவுகின்றன. சூரியத் தகட்டில் சுழல்வது எதுவுமில்லை. சில்லில்லாத ஆலை ஒரு பிடி நெல்லுக்கே தடுமாறுவதுபோல் அன்றைய மின்வலை ஒரு சிறு அதிர்ச்சியிலே விழுந்தது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோயின.

இரண்டு மாதத்தின் பின் நிகழ்ந்ததை எங்கள் ஊரார் மறக்கமாட்டார்கள். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை தாழும் என அஞ்சி, ஏப்ரல் 13 முதல் 21 வரை நாள்தோறும் பிற்பகல் மூன்று மணிவரை கூரைத் தொகுதிகளை நிறுத்திவைக்கும்படி இலங்கை மின்சார சபை பாவனையாளரைக் கேட்டுக்கொண்டது. முன்னே சொன்னேனல்லவா, சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே வருவது புத்தாண்டையொட்டி என்று? ஆண்டிலேயே அவன் நேரே நின்று பொழியும் அந்த நாட்களில், அவன் தருவதை ஏற்க இடமில்லாது போயிற்று. தைப்பொங்கலன்று நன்றி சொல்லி வரவேற்றவனைச் சித்திரையில் வாசலில் நிறுத்திவைத்தோம்.

மின்சார சபையை இதற்காக வைதுவிட்டுப் போவது எளிது. ஆனால் அவர்கள் இடர்ப்பாடு மெய்யானது. நம் நாட்டின் மின்தேவை உச்சத்துக்கு ஏறுவது பொழுதுபட்ட பின்னர், ஆறரை மணிக்கும் பத்தரை மணிக்கும் இடையில். அப்போது சூரியன் இல்லை. மின்கலத்தில் சேமித்து இரவில் வழங்கினாலன்றி, நண்பகலின் மிகுதி அந்த நேரத்துக்கு உதவாது. ஊர்மட்டத்திலும் இதே இடர்ப்பாடுதான். ஊரார் ட்ரான்ஸ்போமர் என்று சொல்லும் நிலைமாற்றி ஒவ்வொன்றும் ஓரளவு கூரை மின்சாரத்தையே தாங்கும். அதற்குமேற் போனால் நண்பகலில் கம்பியின் மின்னழுத்தம் ஏறி வீட்டுப் பொருள்கள் பழுதாகும். ஆகவே முதலில் விண்ணப்பித்தவருக்கு இடம் கிடைக்கும்; பின்னே வருபவர் காத்திருக்க வேண்டும்.

இன்னுமொன்று பலருக்குத் தெரியாது. மின்வலையோடு இணைத்த சாதாரணத் தொகுதி, வலையில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலைசெய்யும் தொழிலாளியின் உயிரைக் காக்க அமைந்த ஏற்பாடு அது. 2022இல் பதின்மூன்று மணி நேரம் இருண்டபோது, கூரைநிறையத் தகடு வைத்திருந்தும் மின்கலம் இல்லாத வீடுகளும் சேர்ந்தே இருண்டன. வெயில் கொளுத்தும் நண்பகலில் மின்விசிறி சுழலாமல் இருந்ததன் காரணம் அவர்களுக்கு அன்றுதான் விளங்கிற்று.

பங்கு வைக்கும் முறை

இவற்றை எண்ணியபோது என் நினைவு இரணைமடுவுக்கே திரும்பியது. சிறுபோகத்தில் நீர் எல்லா வயலுக்கும் போதாது. முந்தினவன் வாய்க்காலை வெட்டிக்கொள்ளட்டும் என்று நாம் விடுவதில்லை. குளத்து நீரை அளந்து, பங்கு வகுத்து, குறைந்த நிலமுடையவனுக்கும் கிடைக்கும்படி தீர்மானிப்பதே முறை. அம்முறையில் பிணக்கு உண்டு, குறை உண்டு. ஆயினும் முறை உண்டு. வெயில் அளவற்றது, அதனைச் சுமக்கும் கம்பியும் நிலைமாற்றியும் அளவுடையவை. அளவுடைய பொருள் எதுவாயினும் அதற்குப் பங்கு முறை வேண்டும். முந்தினவருக்கே இடம் என்ற விதி, பணம் உடனே கிடைப்பவருக்கே இடம் என்றாகிவிடுகின்றது.

நான் ஐந்து கிலோவாற்று வைத்தால் எங்கள் தெருவின் நிலைமாற்றியில் அவ்வளவு இடம் எனக்குரியதாகிவிடும். எனக்கு மாதம் ஐம்பது அலகு வேண்டும். 550 அலகு விற்பனைக்கு. அடுத்த வளவில் இருக்கும் விதவைத் தாய்க்கு வெளிநாட்டில் யாருமில்லை. பத்தாண்டு கழித்து நல்ல வட்டியில் அவளுக்குக் கடன் கிடைக்கும் நாளில், கம்பியில் இடமில்லை என்பார்கள். என் நா எழாததன் காரணம் இதுதான்.

அப்படியானால் கூரை வெறுமையாகவே கிடக்கட்டுமா? அதுவும் அறிவுடைமையன்று. செய்யத்தக்கவை சில உண்டு. முதலாவது, வீட்டுக்குத் தேவையான அளவிற் சிறு தொகுதியும், மாலைக்குதவும் மின்கலமும். மாலை உச்சவேளையில் மின்கலத்திலிருந்து கொடுப்பவருக்கு நல்ல விலை கொடுத்தால், சிறு வீடும் நாட்டின் இரவுக்கு உதவும். இரண்டாவது, பகல் மின்சாரத்தைப் பகலிலேயே செலவிடும் தொழில்கள்: நெல்லாலை, மா அரைக்கும் ஆலை, தச்சுப் பட்டறை, மேட்டுநிலத் தோட்டத்தின் நீரிறைக்கும் இயந்திரம். நீரிறைப்பில் மாத்திரம் எச்சரிக்கை வேண்டும். மண்ணெண்ணெய் இயந்திரத்தை எண்ணெய் விலை அடக்கிவைத்தது. வெயிலுக்கு விலையில்லாதபடியால் இறைப்பவர் நிறுத்தமாட்டார். கடனீரேரிக்கு அணித்தான நம் பகுதியில் கிணறு உவராவதற்கு அது வழி செய்யும்.

மூன்றாவது பொதுக்கூரை. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி, இந்தியப் பிரதமர் இலங்கை வந்திருந்தபோது, ஐயாயிரம் சமயத் தலங்களின் கூரைகளில் சூரியத் தொகுதி அமைக்கும் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் விகாரைக்கும் தேவாலயத்துக்கும் ஏற்ற முறை, பாடசாலைக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் வாசிகசாலைக்கும் ஏலாதா? பாடசாலையும் சங்கமும் இயங்குவது பகலில். தகடு உழைப்பதும் பகலில். பொதுக்கூரையில் வரும் மிகுதியின் வருமானத்தைச் சங்கம் ஏற்று, தகடு வைக்க வகையில்லாத வீடுகளின் மின்கட்டணத்திற் கழித்தால், கூரை சிறுத்தவருக்கும் வெயிலிற் பங்கு கிடைக்கும். குளத்து நீருக்குக் கூட்டம் கூடத் தெரிந்த ஊருக்கு இது புதிய வித்தையன்று. அதிகாரிகளும் ஒவ்வொரு நிலைமாற்றியின் கொள்ளளவையும் ஊரறியச் சொல்லி, அதில் ஒரு பகுதியைச் சிறு பாவனையாளருக்கென ஒதுக்கிவைக்க வேண்டும்.

ஒரு கிழமை கழித்துத் தமையனார் மகனுக்கு நானே அழைப்பெடுத்தேன். அவன் ஊரில் தகட்டின்மேல் பனி மூடிக் கிடப்பதாகச் சொன்னான். கோடை வரவு கணக்கில் இருப்பதால் கவலையில்லை என்றான். “தம்பி, எனக்கு ஒரு கிலோவாற்றும் ஒரு மின்கலமும் போதும். நீ அனுப்ப நினைத்ததில மிச்சத்தை எங்கட வாசிகசாலைக் கூரைக்குக் குடு. அங்கயிருக்கிற உன்ர கூட்டாளியளிட்டயும் கேள்” என்றேன். சற்று நேரம் பேசாதிருந்தான்.

“வாசிகசாலைக் கூரை தாங்குமோ சித்தப்பா?” என்று கேட்டான்.

கேள்வி நியாயமானது. அடுத்த ஞாயிறு நானும் ஊர்த் தச்சர் ஒருவரும் ஏணி வைத்து ஏறிப் பார்த்தோம். ஓடுகள் நன்றாயிருக்கின்றன, தெற்குப் பக்கத்து வளை இரண்டை மாற்ற வேண்டும் என்கிறார். அதற்கான செலவைக் கணக்கிட்டு எழுதி, இம்மாதக் கூட்டத்தில் வைக்கவிருக்கிறேன்.